ஆபீஸ் மின்னஞ்சலுக்கு ஸ்பேம் விதி எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஸ்பேம் ஃபில்டரை அமைக்க உட்காருகிறவர்கள் எதையெல்லாம் தடுப்பது என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வது அனுமதிப் பட்டியலைத்தான் (சோதிக்காமல் உள்ளே விட வேண்டிய அனுப்புநர்களின் பட்டியல்), ஏனென்றால் பெரிய ஓட்டை அங்கேதான் விழுகிறது.

வழக்கமாக நடப்பது இது: ஒரு சப்ளையர் அனுப்பிய மெயில் ஸ்பேமுக்குப் போய்விடும், மேலாளர் சத்தம் போடுவார், அட்மின் அவசரத்தில் அந்த டொமைனையே (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) அனுமதித்துவிடுவார். அனுப்புநர் முகவரி என்று நம் திரையில் தெரிவதை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதலாம். அது உண்மையா என்று பார்க்கத்தான் எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் ஒன்றாவது திரையில் தெரியும் முகவரியோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒரு மெயில்ஃப்ளோ விதி எழுதி எஸ்சிஎல் (ஒரு மெயில் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பைக் காட்டும் எண்) மதிப்பை -1 என்று வைத்துவிட்டால், ஸ்பேம் சோதனையே வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டோம் என்று அர்த்தம்.

இதிலும் மோசம், சொந்த டொமைனையே பட்டியலில் சேர்ப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு இயக்குநர் பெயரில், நம் டொமைன் முகவரியிலேயே ஒரு மெயில் வரும்: சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இன்றே புது எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். அதன் ஹெடரை (மெயிலோடு வரும் தொழில்நுட்பக் குறிப்புகளை) திறந்தால் எஸ்பிஎஃப் ஃபெயில், டிமார்க் ஃபெயில் என்று பட்டவர்த்தனமாக எழுதியிருக்கும், ஆனாலும் இன்பாக்ஸுக்கு வந்திருக்கும், ஏனென்றால் நம் விதி அதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லியிருக்கிறது. அனுமதித்தே ஆக வேண்டும் என்றால், அந்த விதியில் டிமார்க் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் இதற்கென்றே ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள். அதற்கும் முன்னால், சப்ளையரின் மெயில் ஏன் ஸ்பேமில் மாட்டியது என்று பாருங்கள். சப்ளையர் புதிதாக ஒரு பில்லிங் சேவைக்கு மாறி, அதைத் தன் எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க மறந்திருப்பார். அதை அவர்தான் சரிசெய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, நாடு அல்லது மொழி வைத்துத் தடுப்பது. இந்தியாவிலிருந்து குப்பை நிறைய வருகிறது என்று அந்த நாட்டையே தடுத்தால், திருப்பூரில் துணி வாங்குகிற தேக்கா கடைக்கு இன்வாய்ஸ் எப்படி வரும்? ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளெல்லாம் ஸ்பேம் என்று டிக் போட்டுவிட்டால், தமிழில் எழுதும் வாடிக்கையாளரும் சீனத்தில் எழுதும் வாடிக்கையாளரும் சேர்ந்தே காணாமல் போவார்கள்.

சொல்லை வைத்துத் தடுக்கும்போது முழுச் சொல்லாகப் பொருத்துங்கள். சியாலிஸ் என்ற மாத்திரைப் பெயரை வெறும் எழுத்துத் தொடராகத் தடுத்தால், ஆங்கிலத்தில் ஸ்பெஷலிஸ்ட் என்று எழுதிய மெயிலெல்லாம் மாட்டும், அந்தப் பெயரின் எழுத்துகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கிளினிக் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2007-இல் வந்த ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கேட்காமலே மொத்தமாக அனுப்பும் விளம்பர மெயிலின் தலைப்பு ஏடிவி என்ற அடையாளத்தோடு தொடங்க வேண்டும். அதைப் பிடிக்க ஒரு விதி எழுதலாம், தவறில்லை. ஆனால் ஜங்க் ஃபோல்டருக்கு அனுப்புங்கள், அழித்துவிடாதீர்கள். மோசடிக்காரன் அந்த அடையாளத்தைப் போடப் போவதில்லை, சட்டத்தை மதிக்கிற வியாபாரிதான் போடுவார்.

நம் டொமைனின் டிமார்க்கை ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்ற நிலையில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடுவது ஒரு தவறு, ஒரே நாளில் ‘ரிஜெக்ட்’டுக்கு (ஏற்காதே) தாவுவது இன்னொன்று. முதலில் சில வாரம் மற்ற மெயில் சேவைகள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைப் படித்து, சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, நியூஸ்லெட்டர் சேவை என நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று கணக்கெடுங்கள், அப்புறம் ‘குவாரண்டைன்’ (ஒதுக்கி வை), அதற்கும் அப்புறம் ‘ரிஜெக்ட்’. எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் டிஎன்எஸ் தேடல் (மற்ற டொமைன்களின் பதிவைப் போய்ப் பார்ப்பது) 10-ஐத் தாண்டினால் சோதனையே பிழையில் முடிந்துவிடும்.

கடைசியாக, குவாரண்டைன், அதாவது சந்தேக மெயில்களை ஒதுக்கிவைக்கும் இடம். எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிட்டு யாரும் எட்டிப் பார்க்காத ஆபீஸ்கள் எத்தனையோ. ஒர்க்ஸ்பேஸிலும் 365-இலும் அங்கே ஒரு மெயில் தங்குவது அதிகபட்சம் 30 நாள், அதற்குப் பிறகு போனது போனதுதான். தினமும் காலையில் அதைப் பார்ப்பது யார் வேலை என்று பெயர் போட்டு எழுதிவையுங்கள், அவர் லீவு எடுத்தால் யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து.