குலுக்கலில் உங்கள் பிள்ளையின் பெயர் இடம்பெற: சேலம் பெற்றோருக்கு 25 விழுக்காடு சேர்க்கை வழிகாட்டி

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நிறுவனங்களாக இல்லாத தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அருகில் வசிக்கும் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்கிறது. அந்தக் கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடுசெய்யும். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடைபெறும். இந்த வழியை முதன்முறையாகக் கேள்விப்படும் பெற்றோருக்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

குலுக்கலில் என்ன நியாயம் இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குத் தேர்வு வைத்தால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள குழந்தை வெல்லும். முதலில் வந்தவருக்கே இடம் என்றால், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலோ அம்மாபேட்டைத் தறியிலோ ஒரு நாள் கூலியை இழக்க முடியாத தகப்பனுக்கு வரிசையில் இடமே கிடைக்காது. இதனால்தான் சட்டம், ஒரு குழந்தையை விட்டு இன்னொரு குழந்தையைத் தெரிவு செய்யும் எல்லா முறைகளையும் தடைசெய்து, குலுக்கல் போன்ற தற்செயல் முறைக்கு மட்டும் இடமளித்திருக்கிறது. அந்தத் தெரிவு சரியானது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் குலுக்கல், பெட்டிக்குள் சீட்டாக விழுந்த பெயர்களுக்கிடையே மட்டுமே நியாயம் செய்யும். சான்றிதழ் வரவில்லை, தேதி தெரியவில்லை, தொலைவு கூடிவிட்டது என்று முன்னதாகவே விடுபட்ட பிள்ளைக்கு அதனால் பயனில்லை. கீழ்வரும் படிகளில் பெரும்பாலானவை குலுக்கல் நாளுக்கு முந்தையவையாக இருப்பதன் காரணம் அதுவே.

முதல் படி: நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருப்பவர்கள் நலிவடைந்த பிரிவினர். இவர்களுக்கு வருமானச் சான்றிதழ் தேவை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். இவர்களுக்குச் சாதிச் சான்றிதழே அடிப்படை, வருமான வரம்பு கிடையாது. இதை அறியாமல், தறியில் சற்றுக் கூடுதலாக வருமானம் வந்துவிட்டது என்பதற்காக விண்ணப்பிக்காமலே ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் இருப்பது வேதனையானது. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கலின்றியே முன்னுரிமை உண்டு. அதற்குரிய சான்றைத் தனியே இணைக்க வேண்டும்.

இரண்டாம் படி: சான்றிதழ்களைக் கோடைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்

விண்ணப்பக் காலம் குறுகியது. 2024இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை மட்டுமே விண்ணப்பங்கள் பெறப்பட்டன. மே 28 அன்று குலுக்கல். அந்த நாட்களில்தான் சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போவோம் என்று இருந்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், இருப்பிடத்துக்கான சான்று, பெற்றோரின் அடையாள அட்டை, குழந்தையின் புகைப்படம் ஆகியவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயரின் எழுத்துக்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பதுகூடச் சரிபார்ப்பின்போது கேள்விக்கு உள்ளாகலாம்.

எல்.கே.ஜி. வகுப்புக்கு ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைவடைந்திருக்க வேண்டும். 2024-25 சேர்க்கைக்கு, 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்த குழந்தைகள் தகுதி பெற்றார்கள். உங்கள் ஆண்டுக்கு இதே வழியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தொலைவை அளந்து பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே தமிழ்நாட்டில் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்புக்கான அளவுகோல். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, பொன்னம்மாபேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் இந்த எல்லைக்குள் பல பள்ளிகள் இருக்கும். ஏற்காடு மலையின் நிலைமை முற்றிலும் வேறு. நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கும் காபித் தோட்டத் தொழிலாளர்களுக்கும், ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருப்பதே அரிது. ஏற்காட்டின் புகழ்பெற்ற பழைய பள்ளிகள் பலவற்றைக் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்துகின்றன. உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அரசு உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும், 2014இல் சிறுபான்மையினர் பள்ளிகள் அனைத்துக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்களித்துவிட்டதால், நீங்கள் விரும்பும் பள்ளி பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சமவெளியை மனத்தில் கொண்டு வகுத்த ஒரு கிலோமீட்டர் அளவை மலைக்கும் அப்படியே பொருத்துவது அநீதி என்றே நான் கருதுகிறேன். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அந்த மலைப் பிள்ளைகளின் பெயர் பெட்டிக்குள் வருவதே இல்லை.

நான்காம் படி: குலுக்கலை மட்டும் நம்பியிருக்காதீர்கள்

அரசுப் பள்ளிகளில் குலுக்கல் இல்லை. வருகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். 2025இல் அவற்றின் சேர்க்கை மார்ச் 1 அன்றே தொடங்கியது. ஐந்து வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் முன்கூட்டியே சேர்த்துவிட்டுக் குலுக்கலுக்கும் விண்ணப்பிப்பதில் தவறில்லை. சிறிய குழந்தைகளுக்கு அங்கன்வாடி உண்டு. மலையில் உள்ளவர்கள் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் விசாரித்துப் பார்க்கலாம்.

தனியார் பள்ளியில் பணம் கட்டி முன்கூட்டியே இடம் பிடிப்பது வேறு விஷயம். 2025-26இல் ஒன்றிய அரசின் நிதி தொடர்பான சிக்கலால் இந்தச் சேர்க்கை தள்ளிப்போய், அக்டோபரில்தான் நடைபெற்றது. அப்போது ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் மாதத்தில் கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்துக்கு வாய்ப்பு நீடித்தது; கட்ட முடியாமல் ஒதுங்கிய, இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தக் குடும்பம் குலுக்கலுக்கே வர இயலவில்லை. இனி அவ்வாறு நேரக் கூடாது என்று பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: விண்ணப்பியுங்கள்

பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் ஐந்து பள்ளிகள் வரை குறிப்பிடலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் முதன்மைக் கல்வி அலுவலகத்திலோ வட்டார வள மையத்திலோ கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பதிவு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை அச்சிட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

ஆறாம் படி: பட்டியலையும் குலுக்கலையும் நேரில் பாருங்கள்

தகுதியுள்ளோர், தகுதியற்றோர் பட்டியல்கள் காரணங்களோடு பள்ளித் தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். உங்கள் பிள்ளையின் பெயர் தகுதியற்றோர் பட்டியலில் இருந்தால், காரணத்தைக் குறித்துக்கொண்டு அன்றே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு அதைத் திருத்துவது மிகவும் கடினம்.

குலுக்கல் பெற்றோர் முன்னிலையில் நடைபெற வேண்டும். தொடங்குவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இந்த ஆண்டுக்கான இடங்கள் எத்தனை, முன்னுரிமையில் நிரம்பியவை எத்தனை, பெட்டியில் போடப்படும் சீட்டுகள் எத்தனை. தகுதியுள்ளோர் பட்டியலின் எண்ணிக்கையிலிருந்து முன்னுரிமை பெற்றவர்களைக் கழித்தால் வருவதும் சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். இதைக் கேட்பது சண்டை போடுவதாகாது; கேட்பவர் ஒருவர் இருக்கும்போது நடத்துபவரும் கவனமாக இருப்பார். காத்திருப்போர் பட்டியலுக்கும் சீட்டு எடுக்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏழாம் படி: இடம் கிடைத்த பிறகு

நன்கொடை கேட்பது சட்டப்படி குற்றம். கேட்ட தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பெற்றோரையோ குழந்தையையோ நேர்காணல் செய்து வடிகட்டினால், முதல் முறை 25,000 ரூபாய் வரையும் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். பள்ளி ஏதேனும் பணம் கேட்டால் ரசீதும் எழுத்துப்பூர்வமான விளக்கமும் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதுங்கள், அல்லது 14417 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இந்த உரிமை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் கட்ட இயலாதெனில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதில் ஓர் ஆதாயமும் உண்டு: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில், எட்டாம் வகுப்பு வரை இந்தச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் பயின்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அடங்குவர். அப்போது, பிள்ளை எந்தப் பிரிவின் கீழ் சேர்க்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆதலால் சேர்க்கை ஆணையின் நகலை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நாளிலேயே பள்ளி முத்திரையுடன் வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிடுங்கள்.