வெறும் எழுத்தாக ஒட்டும்போது தொலைந்துபோகிறவை

வேறோர் இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் வேறு ஃபான்ட், வேறு நிறம், பின்னால் ஒரு சாம்பல் பட்டை என்று எல்லாமே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதைத் தவிர்க்க கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். குரோம், கூகுள் டாக்ஸ், இப்போதைய வேர்டு எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். லிப்ரே ஆபிஸில் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். நானும் நாள் முழுக்க இப்படித்தான் ஒட்டுகிறேன். ஆனால் போவது அலங்காரம் மட்டும்தான் என்று நம்பி, ஒட்டியதைப் படித்துப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு.

ஒரு ஆண்டு மலருக்குக் கட்டுரை சேர்த்தபோது, 1947-இன் தலைமேல் சின்னதாக இருந்த அடிக்குறிப்பு எண் 3 கீழே இறங்கி, 19473 என்று ஆகிவிட்டது. அச்சுப்படி திருத்தும்போதுதான் கண்ணில் பட்டது. 10-இன் மேல் அடுக்காக இருக்கும் 5 இப்படி இறங்கினால் ஒரு லட்சம் நூற்றைந்தாகிவிடும். விலைப்பட்டியலில் குறுக்கே கோடு போட்டு அடித்த பழைய விலையும், கோடு மறைந்து, புதிய விலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். எண்கள் உள்ள வரிகளையாவது மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள். அவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஃபான்ட் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபான்டை உதறிவிட்டு ஒட்டினால் அதுதான் திரையில் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். அந்தப் பகுதிக்கு மறுபடி பாமினியைக் கொடுத்தால் தமிழ் திரும்பிவிடும். தமிழ் எழுத்துகளையே கோப்பில் வைக்கும் யூனிகோடு முறை தேவையென்றால், பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி (கன்வர்ட்டர்) ஒன்றில் போட்டு மாற்றியபின் ஒட்டுங்கள். ஆனால் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களை, குறிப்பாக மின்னஞ்சல் முகவரிகளை, முதலிலேயே தனியே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும்.

பிடிஎஃப்-இலிருந்து எடுத்ததை எப்படி ஒட்டினாலும் வரிக்கு வரி உடைந்தே வரும். அதை வேறாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

எக்ஸெலில் தொலைபேசி எண் ஒட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை (காலம்) 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் தஞ்சாவூரின் 04362 வெறும் 4362 ஆகிவிடும்.

வேர்டு ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில், எப்போதும் எழுத்தை மட்டும் ஒட்டும்படி நிலையாக வைத்துவிடவும் முடியும். பாமினிக் கோப்புகள் வந்து போகும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம்.