படத்தில் தோல் எங்கே? ஓபன்சிவியில் ஒரு சின்னப் பயிற்சி

நிறத்தை வைத்து ஒரு படத்தில் தோலை மட்டும் பிரித்தெடுக்கப் போகிறோம். முதலில் பைத்தான் நிரல்மொழியில், படங்களைக் கையாள உதவும் நிரல் தொகுப்பான ஓபன்சிவியை நிறுவிக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் உங்கள் கையைப் போட்டோ எடுத்து, 'இம்ரீட்' என்ற கட்டளை மூலம் நிரலுக்குள் படியுங்கள். இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது: ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக அடுக்கும். இதை மறந்தால் உங்கள் கை காணாமல் போய், வெளிர்நீலச் சட்டை தோலாகத் தெரியும். நான் அப்படி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

அடுத்து, 'சிவிடிகலர்' கொண்டு படத்தை ஒய்-சிஆர்-சிபி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒய் என்பது வெளிச்சம். சிஆர் சிவப்புச் சாயல், சிபி நீலச் சாயல். எதற்கு இந்தச் சுற்று? சிவப்பு 200, பச்சை 150, நீலம் 120 உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒய் 162, சிஆர் 155, சிபி 105 என்று வரும். அதே இடத்தில் நிழல் விழுந்து மூன்றும் பாதியானால் ஒய் 81 ஆகிவிடும். சிஆர் 142, சிபி 116. வெளிச்சம் பாதியாகியும் சாயல் அவ்வளவாக நகரவில்லை, பாருங்கள். அதனால் ஒய்யைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

பலரும் பயன்படுத்தும் எல்லை: சிஆர் 133 முதல் 173 வரை, சிபி 77 முதல் 127 வரை. ஒய்க்கு 0 முதல் 255 வரை முழுதாகத் திறந்துவிடுங்கள். 'இன்ரேஞ்ச்' இந்த எல்லைக்குள் வரும் புள்ளிகளை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் தரும். அதுதான் மாஸ்க்.

சரி, அதில் பொட்டுப் பொட்டாகக் குப்பை இருக்கும். 5க்கு 5 புள்ளி அளவில் மார்ஃபாலஜி ஓப்பனிங் (வெள்ளைப் பகுதிகளை முதலில் சுருக்கி, பிறகு விரிப்பது) ஒருமுறை போட்டால் பெரும்பாலும் போய்விடும். அப்புறம் 'பிட்வைஸ் அண்ட்' போட்டு மாஸ்க்கை மூலப் படத்தோடு சேர்த்தால் தோல் மட்டும் மிஞ்சும்.

செங்கல் சுவர், மரக் கதவு, மணல் எல்லாம் சேர்ந்து வந்தால் திகைக்க வேண்டாம். நிறம் ஒன்றை மட்டும் பார்க்கும் முறைக்கு அவையும் தோல்தான். எனக்கு உறுத்துவது வேறொன்று. மிகக் கருத்த தோலும் அடர்ந்த நிழலும் விடுபட்டுப்போகும். இருள இருள சிஆர், சிபி இரண்டும் 128ஐ நெருங்கும். சிஆர் 133க்குக் கீழே போனால் கதை முடிந்தது. எல்லையை 130க்கு இறக்கலாம். ஆனால் 128 என்பது சாயலே இல்லாத சாம்பல். இறக்க இறக்கச் சிமெண்டுத் தரையும் உள்ளே வரும். அதனால் உங்கள் கைப்படத்தில் நாலைந்து இடங்களில் சிஆர், சிபி மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்து, எல்லையை நீங்களே வையுங்கள்.