கிரெடிட் கார்டு பாயிண்ட்டில் பறக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்திலோ சொந்தத்திலோ யாராவது புதிதாக ஒரு பயணக் கார்டு வாங்கினால், சில மாதங்களில் எனக்கு போன் வந்துவிடும். "பாயிண்ட் நிறைய சேர்ந்திருக்கு, என்ன பண்ணலாம்?" கேட்கிறார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் பாதிப் பேர் ஏதோ ஒன்றைச் செய்து முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு முதலில் வந்த நாங்களெல்லாம் எங்கெங்கே விழுந்தோமோ, அதே இடங்களில் அவர்களும் விழுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பில்லை நேரத்தில் கட்டுங்கள், ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. கார்டை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் பார்ப்போம்.

ஒரு பாயிண்ட் எவ்வளவு ரூபாய் என்று பார்க்காமல் செலவழிப்பது

ஒரே பாயிண்ட்டுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு விலை. எச்.டி.எஃப்.சி. இன்ஃபினியா கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஸ்மார்ட்பை தளத்தில் விமானமோ ஓட்டலோ பதிவு செய்தால் ஒரு பாயிண்ட் 1 ரூபாய். அதே பாயிண்ட்டை பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னால் 30 காசு. 50,000 பாயிண்ட் வைத்திருப்பவருக்கு ஒரு வழியில் 50,000 ரூபாய், இன்னொரு வழியில் 15,000 ரூபாய். "பில்லில் கழிச்சிட்டா நிம்மதி" என்று இரண்டாவது வழியில் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஒரு ரூபாய் மதிப்பு கிடைக்கும் இடத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. பதிவுத் தொகையில் 70 சதவீதம் வரைதான் பாயிண்ட்டில் கட்டலாம், மீதியைக் கார்டில்தான் கட்ட வேண்டும். "முழு டிக்கெட்டும் இலவசம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பதிவு செய்ய உட்காராதீர்கள். வங்கித் தளத்தில் காட்டும் விலையை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்து விலையோடு ஒருமுறை ஒப்பிட்டும் பாருங்கள். அங்கே விலை கூடுதலாக இருந்தால் உங்கள் பாயிண்ட்டின் மதிப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்கு எளிதுதான். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, பாயிண்ட்டில் வாங்கினாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியைத் தேவைப்படும் பாயிண்ட்டால் வகுத்துவிடுங்கள். 24,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 18,000 பாயிண்ட்டும் 6,000 ரூபாய் வரியும் கேட்டால், பாயிண்ட்டுக்கு 1 ரூபாய் கிடைக்கிறது. வங்கித் தளத்திலேயே அந்த ஒரு ரூபாய் கிடைக்கும்போது அதை மைலாக, அதாவது விமான நிறுவனத்தின் சொந்தப் பாயிண்ட்டாக, மாற்றி எந்த லாபமும் இல்லை. பிசினஸ் கிளாஸ் விலையை வைத்து "பாயிண்ட்டுக்கு 4 ரூபாய் கிடைச்சுது" என்று கணக்குப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த இருக்கைக்கு நீங்கள் ரொக்கமாக எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ, அதுவரைதான் அதன் மதிப்பு.

இருக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் பாயிண்ட்டை மைலாக மாற்றுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறு ஒன்றுக்குத்தான். மற்றவற்றில் நூறோ ஆயிரமோ போகும். இதில் வருடக்கணக்கில் சேர்த்தது ஒரே சொடுக்கில் போய்விடும்.

என் சித்தப்பா மகன் நல்ல படிப்பாளி, கணக்கில் புலி. மே மாத விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பாரிஸ் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கார்டில் பொறுமையாகப் பாயிண்ட் சேர்த்தான். ஒருநாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இந்த மாதத்துக்குள் குறிப்பிட்ட விமான நிறுவனத்துக்கு மாற்றினால் கூடுதல் மைல் தருவார்களாம். அன்று இரவே எல்லாப் பாயிண்ட்டையும் மாற்றிவிட்டான். மறுநாள் அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால், மே மாதம் முழுக்க நாலு பேருக்கு மலிவு வகையில் ஒரு நாள்கூட இருக்கை இல்லை. விலை கூடிய வகையில் இருந்தது, அதற்கு அவனிடம் இருந்த மைல் இரண்டு பேருக்குத்தான் போதும். அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டான். "திரும்ப வங்கிக்கே அனுப்ப முடியாதா அண்ணா?" முடியாது. எந்த வங்கியாக இருந்தாலும் போன பாயிண்ட் போனதுதான், திரும்ப வராது. கடைசியில் வேறு விமானத்தில் ரொக்கம் கொடுத்துப் போய் வந்தார்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது என்னவென்றால், அந்த வங்கியிலிருந்து பாயிண்ட்டை வேறு பல நிறுவனங்களுக்கும் மாற்றியிருக்கலாம். அவற்றில் ஒன்றின் மூலம் அதே மே மாதத்தில், ஓர் ஊரில் மாறிப் போகிற மாதிரி, நாலு இருக்கையும் இருந்தன. மாற்றுவதற்கு முந்தின நாள் பார்த்திருந்தால் போதும். வங்கியில் இருக்கும்வரை பாயிண்ட்டுக்குப் பல கதவுகள் திறந்திருக்கின்றன. மாற்றிய நொடியில் ஒன்றைத் தவிர எல்லாம் மூடிவிடும்.

ஏன் இருக்கை கிடைப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விமானத்தில் காலியாக இருக்கும் எல்லா இருக்கையும் மைலுக்குக் கிடைக்காது. நிறுவனம் சிலவற்றை மட்டும் ஒதுக்கும், அதிலும் குறைந்த மைல் கேட்கும் வகை மிகக் கொஞ்சம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் அந்த மலிவு வகைக்கு சேவர் என்று பெயர், அதற்கு மேலே அதிக மைல் கேட்கும் அட்வான்டேஜ். இருக்கைகள் பயணத் தேதிக்கு 355 நாள் முன்பே திறந்துவிடும். நம் ஊர் பள்ளி விடுமுறையும் தீபாவளியும் டிசம்பர் கடைசியும் எல்லோரும் கேட்கிற நாட்கள். அவற்றுக்கு இரண்டு மாதம் முன்னால் போய் நின்றால் காத்திருப்போர் பட்டியல்தான். அந்தப் பட்டியல் நகரும் என்று நம்பி விடுப்பு எழுதிக் கொடுக்காதீர்கள்.

வரிசை எப்படி இருக்க வேண்டும் என்றால், முதலில் ஊரும் தேதியும். அடுத்து, உங்கள் வங்கி எந்தெந்த விமானத் திட்டங்களுக்கு மாற்ற விடுகிறது என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இலவசமாக உறுப்பினராகச் சேரலாம். பெரும்பாலும் கணக்கில் ஒரு மைல்கூட இல்லாமலேயே இருக்கை தேடலாம். தேடும்போது எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேர் என்று போட்டுத் தேடுங்கள். ஒருவருக்கு என்று தேடி "இருக்கே" என்று மாற்றிவிட்டு, நாலு பேருக்குக் கேட்டபோது இல்லாமல் போனவர்கள் உண்டு. நாலு பேருக்கு ஒரே நாளில் இல்லையென்றால் இரண்டிரண்டு பேராக அடுத்தடுத்த நாள் பாருங்கள், அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை.

இருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகு, தேவையான அளவை மட்டும் மாற்றுங்கள். சில திட்டங்களுக்கு நிமிடங்களில் போய்ச் சேரும், சிலவற்றுக்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில் இருக்கை போய்விடலாம். அதனால் ஒரே ஒரு இருக்கைத் தொகுதியை நம்பாமல் இன்னொரு தேதியும் கையில் வைத்திருங்கள். ஆக்சிஸ் போல, விமான நிறுவனங்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு மாற்றலாம் என்று வரம்பு வைக்கும் வங்கிகளும் உண்டு. அவசரப்பட்டு அந்த வரம்பைத் தீர்த்துவிட்டால், நல்ல இருக்கை கண்ணில் பட்டாலும் அந்த ஆண்டில் ஒன்றும் செய்ய முடியாது.

டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம்தான். ஆனால் ஒரு நிறுவனத்தின் மைலில் இன்னொன்றில் பறக்க விடும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் அது இல்லை. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸிலோ ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானிலோ மைல் வைத்துக்கொண்டு ஸ்கூட் டிக்கெட் வாங்க முடியாது. ஏர் ஏசியாவும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. மைல் டிக்கெட்டுக்காகச் சென்னை வரை போகும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திருச்சியிலேயே மலிவு டிக்கெட் கிடைக்கிறது என்றால் ரொக்கம் கொடுத்துவிட்டு, பாயிண்ட்டை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பெயரும் இனிஷியலும்

இது நமக்கென்றே வரும் தொல்லை. கார்டில் "எஸ். குமார்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், விமான உறுப்பினர் கணக்கில் வேறு ஏதோ. பெயர் பொருந்தவில்லை என்றால் வங்கி மாற்ற மறுக்கும், அல்லது மைல் சேர்ந்த பிறகு டிக்கெட் எடுப்பதில் சிக்கல் வரும். உறுப்பினராகச் சேரும் அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் போடுங்கள். கார்டில் பெயர் சுருக்கமாக இருந்தால் வங்கியிடம் சொல்லித் திருத்துங்கள். இருக்கை கிடைத்த அன்று இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

அப்புறம், உங்கள் மைலில் யாருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. கிரிஸ்ஃபிளையரில் உங்களைத் தவிர, முன்கூட்டிப் பதிவு செய்த 5 பேருக்குத்தான் எடுக்க முடியும். அப்பா, அம்மா, மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று எண்ணினால் 5 சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வரியையும் சர்சார்ஜையும் மறப்பது

மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரி உண்டு. அதோடு சில நிறுவனங்கள் எரிபொருள் பெயரிலோ வேறு பெயரிலோ கனமான சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், போடுகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னை–லண்டன் போக ஏவியாஸ் (அவர்களுடைய மைலுக்கு அதுதான் பெயர்) சேர்ப்பவர்கள் கடைசிப் பக்கத்தில் வரும் ரூபாயைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது அந்த நாட்டுப் பயணி வரி தனி. தூரப் பயணத்துக்கும் உயர் வகுப்புக்கும் அது இன்னும் கூடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017இல் தன் விமானங்களுக்கான மைல் டிக்கெட்டில் எரிபொருள் சர்சார்ஜை எடுத்துவிட்டது. ஏரோபிளானும் 2020 நவம்பரில் விமான நிறுவன சர்சார்ஜை நீக்கியது. ஒரே தூரத்துக்கு ஒரே அளவு மைல் கேட்கும் இரண்டு திட்டங்களில், கையிலிருந்து போகும் பணம் பல மடங்கு வேறுபடலாம்.

வருடக்கணக்கில் பூட்டி வைப்பது

2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதில் பறக்கலாம் என்று மைல் சேர்த்தவர்களுக்குப் பறக்க விமானமே இல்லாமல் போனது. விஸ்தாரா 2024 நவம்பர் 12இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. பாயிண்ட்டுகள் அங்கே போய்ச் சேர்ந்தன, விதிகள் புதிது. 2023 செப்டம்பர் 1 முதல் ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்ட்டுக்கு 4 மைல் என்பது 2 மைல் ஆனது. ஒரு லட்சம் பாயிண்ட் வைத்திருந்தவருக்கு 80,000 மைல் கிடைத்த இடத்தில் 40,000தான்.

இந்த மாதிரி அறிவிப்பு வரும்போது கடைசி வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறார்கள். மேலே சொன்ன தவறுக்கே திரும்பப் போகிறார்கள். கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 3 வருட ஆயுள். பயணமே முடிவாகாத ஒருவர் அதில் கொண்டுபோய்க் கொட்டினால் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் போகிற பயணத்துக்கு மட்டும் சேருங்கள், போய் வந்துவிட்டு மறுபடி சேருங்கள்.

மைல்ஸ்டோனுக்காக (இவ்வளவு செலவு செய்தால் கூடுதல் பாயிண்ட் என்ற இலக்குக்காக) தேவையில்லாததை வாங்குவது

வேண்டாம்.

பெட்ரோல், வாடகை, வாலட்

பெரும்பாலான கார்டுகளில் இவற்றுக்குப் பாயிண்ட் வராது, வாடகைக்குக் கட்டணம் வேறு. விதிமுறையைப் படித்துவிட்டுத் தேயுங்கள்.

வெளிநாட்டில் "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்றால் தலையாட்டுவது

சிங்கப்பூரிலோ துபாயிலோ கடைக்காரர் மெஷினை நீட்டும்போது திரையில் ரூபாயும் இருக்கும், உள்ளூர்ப் பணமும் இருக்கும். ரூபாயைப் பார்த்ததும் நிம்மதியாகத் தோன்றும். ஆனால் அங்கே மாற்று விகிதம் போடுவது கடைப்பக்கம், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. போதாததற்கு, பல இந்திய வங்கிகள் அப்படி ரூபாயில் கட்டியதற்கு 1 சதவீதம் கட்டணமும் போடுகின்றன. எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் முன்னால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைப் பாருங்கள். சாதாரணமாக 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் 4,130 ரூபாய் போய்விடும். அந்தச் செலவுக்கு வரும் பாயிண்ட்டின் மதிப்பு அதைவிடக் குறைவென்றால் கார்டை உள்ளே வைத்துவிடுங்கள்.

வட்டி

பல கார்டுகளில் மாதம் 3.75 சதவீதம் வட்டி போகும். பாக்கி இருக்கும்வரை பாயிண்ட்டைப் பற்றியே நினைக்காதீர்கள்.

பாயிண்ட்டை எடுக்காமல் கார்டை மூடுவது

வருடக் கட்டணம் வந்ததும் கோபத்தில் போன் போட்டு மூடச் சொல்லிவிடுகிறார்கள். பொதுவாகக் கார்டு மூடினால் வங்கியில் இருக்கும் பாயிண்ட்டும் போய்விடும். ஏற்கெனவே விமானத் திட்டத்துக்குப் போன மைல் அங்கேயே இருக்கும். ஆகவே மூடுவதற்கு முன் முழுவதையும் எடுத்துவிடுங்கள். வங்கித் தளத்தில் நல்ல மதிப்புக்கு ஒரு பதிவு செய்ய முடிந்தால் அதுவே முதல் வழி. பயணம் எதுவும் இல்லை, கார்டையும் வைத்திருக்க விருப்பமில்லை என்ற நிலையில் மட்டும் இருக்கை பார்க்காமல் மாற்றலாம். அப்போதும் யுனைடெட் மாதிரி மைலுக்குக் காலாவதி இல்லாத திட்டம் உங்கள் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அக்கோர் ஓட்டல் திட்டத்தைப் பாருங்கள். அங்கே 2,000 பாயிண்ட்டுக்கு 40 யூரோ கழிவு என்று மதிப்பு நிலையாக இருக்கிறது, இருக்கை தேடும் வேலையும் இல்லை. 12 மாதம் கணக்கை அப்படியே போட்டுவிட்டால் மட்டும் அந்தப் பாயிண்ட் காலாவதியாகும். அதற்குள் ஒரு ராத்திரியாவது அவர்களுடைய ஓட்டலில் தங்கிவிடுங்கள்.