வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது

மூளைக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு நரம்பு உளவியலில் (காயத்தால் பாதித்த நினைவாற்றல் போன்ற திறன்களோடு வாழ உதவும் துறை) கால் வைப்பவர்கள், வழிகாட்டி கிடைத்ததும் நோயாளிக்கு வைக்கும் சோதனைகளுக்கு மதிப்பெண் போடுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது கையேட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பதில், நோயாளியோடு நீங்கள் நடத்தும் அமர்வில் வழிகாட்டியை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உதாரணமாக, நினைவாற்றலை வெகுவாக இழந்தவரிடம் “யோசித்து, தோன்றுவதைச் சொல்லுங்கள்” என்போம். நல்ல எண்ணம்தான். ஆனால் சொன்ன தவறான விடையே அவரிடம் ஒட்டிக்கொள்ளும். தவறியதே நினைவில் இல்லாததால் திருத்திக்கொள்ளவும் முடியாது. சரியான விடையை முதலிலேயே தந்து பழக்குவதுதான் பிழையற்ற கற்றல். பார்பரா வில்சன், ஆலன் பேட்லி போன்ற உளவியலாளர்கள் 1990-களிலேயே இதை எழுதிவிட்டார்கள். படித்திருப்போம், ஆனாலும் வாய் பழைய பழக்கத்தில் போகும். அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டிக்குத்தான் கேட்கும்.

அப்புறம், வழிகாட்டிக்கே கைகூடாமல் போன ஒரு சிகிச்சையைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள், நோயாளியின் பெயர் இல்லாமல்.