கேஸ் இருக்கிறவை மேன்பவர் மூலமா வேலை எடுக்கிறது எப்பிடி? வன்னிப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒரு படிப்படியான விளக்கம்

நான் வவுனியாவில ஒரு மேன்பவர் ஒபிஸில 6 வருசம் கவுண்டரில இருந்தனான். போம் வாங்கிறது, ஐசி (அடையாள அட்டை) கொப்பி எடுக்கிறது, பஸ்ஸில ஏத்தி விடுறது, இதுதான் என்ர வேலை. அந்த 6 வருசத்தில இண்டைக்கும் மறக்க ஏலாத ஆள் ஒரு பெடியன், மல்லாவிப் பக்கம் இருந்து விடியவே வெளிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தவன், பேப்பர் எல்லாம் ஒரு சொப்பிங் பேக்குக்குள்ள வடிவா மடிச்சு வச்சிருந்தவன், போமில "நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுள்ளீரா" எண்ட இடம் வரைக்கும் நிரப்பினவன், அதில வந்து பேனையை வச்சிட்டு "தண்ணி குடிச்சிட்டு வாறன் அக்கா" எண்டு போனவன்தான், திரும்பி வரேல்லை. அண்டைக்கு எங்களுக்கு ஒரு சைட்டுக்கு 17 பேர் குறைவு. அவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் ஏத்தி விட்டிருப்பன்.

அவனை மாதிரி ஆக்களுக்குத்தான் இதை எழுதிறன்.

முதல்ல மேன்பவர் எப்பிடி ஓடுது எண்டு விளங்கோணும்

கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயத்தில இருக்கிற ஒரு ஃபக்டரி, இல்லாட்டி ஒரு களஞ்சியம், ஒரு ஹோட்டல், "எங்களுக்கு 40 பேர் வேணும்" எண்டு மேன்பவருக்குச் சொல்லும். மேன்பவர் ஊருகள்ல ஆள் சேர்த்து அனுப்பும். கொம்பனி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு எண்டு மேன்பவருக்குக் கட்டும், அவை தங்கட பங்கை எடுத்துப்போட்டு மிச்சத்தை உங்களுக்குத் தருவினம். எண்டபடியால் நீங்கள் வேலைக்குப் போகாத நாள் அவைக்கும் காசு இல்லை. கவுண்டரில இருக்கிற ஆளுக்குப் பெரிய தலையிடி, பேர் எழுதின ஆள் விடிய 5 மணி பஸ்ஸுக்கு வராமல் போனை ஓஃப் பண்ணி வச்சிருக்கிறதுதான். பழைய கேஸ் எல்லாம் அதுக்குப் பிறகு. இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

படி 1: உங்கட கேஸ் என்னெண்டு நீங்களே சரியாத் தெரிஞ்சு வச்சிருங்கோ

இதிலதான் கனபேர் பிழை விடுறவை, அதால இதை விரிவாச் சொல்லுறன்.

"கேஸ் முடிஞ்சுது, காசு கட்டியாச்சு" எண்டு சொல்லுவினம். கோட்ஸில குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் சாதாரணமா அதுவும் தண்டனைதான், கசிப்பு கேஸ் எண்டாலும் சரி, பெர்மிட் இல்லாமல் மணல் ஏத்தின கேஸ் எண்டாலும் சரி, காட்டில மரம் வெட்டின கேஸ் எண்டாலும் சரி. ஆனால் ட்ரபிக் பொலிஸ் றோட்டில எழுதித் தந்து நீங்கள் தபால் கந்தோரில காசு கட்டினது கோட்ஸ் தீர்ப்பு இல்லை, அதைப் போய் "எனக்கும் கேஸ் இருக்கு" எண்டு எழுதிக் குழப்பாதேங்கோ.

ரிமாண்டில இருந்தது தண்டனை இல்லை. வவுனியா சிறையில 3 மாசம் ரிமாண்டில இருந்து பிறகு விடுதலையானவர், "தண்டிக்கப்பட்டீரா" எண்ட கேள்விக்கு இல்லை எண்டு எழுதலாம், அது பொய் இல்லை. ஒத்திவைச்ச சிறைத்தண்டனை வேற, உள்ளுக்கே போகாட்டியும் அது தண்டனைதான். 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில 303ஆம் பிரிவு இந்த ஒத்திவைச்ச தண்டனையைப் பற்றினது. 306ஆம் பிரிவு வேற மாதிரி, சின்னக் குற்றங்களுக்கு நீதவான் குற்றவாளி எண்டு தீர்க்காமலே எச்சரிச்சோ நிபந்தனையோடயோ விடலாம். உங்களை அப்பிடி விட்டிருந்தால் அது உங்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு கனபேருக்குத் தெரியாது. லோயரும் அவசரத்தில சொல்லியிருக்க மாட்டார்.

புனர்வாழ்வு பற்றி. 2009இல போர் முடியேக்க சரணடைஞ்சு கோட்ஸுக்குப் போகாமல் புனர்வாழ்வு முகாமில இருந்து வந்தவை ஏறக்குறைய 12,000 பேர். அது குற்றத்தீர்ப்பு இல்லை. போமில தண்டனை பற்றிக் கேட்டால் "இல்லை" எண்டுதான் எழுதோணும். புனர்வாழ்வுச் சான்றிதழ் இருந்தால் பத்திரமா வச்சிருங்கோ, ஆனால் கேக்காமல் நீட்டோணும் எண்டு ஒண்டும் இல்லை.

சரி, எப்பிடித் தெரிஞ்சு கொள்ளுறது? வழக்கு இலக்கத்தோட உங்கட நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கோ, கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ எங்க நடந்ததோ அங்க. தீர்ப்பின்ர சேர்ட்டிபைட் கொப்பிக்கு விண்ணப்பம் குடுங்கோ. இலக்கம் தெரியாட்டி பிடிச்ச பொலிஸ் நிலையமும் திகதியும் சொன்னால் தேடலாம். லோயருக்குக் காசு இல்லாதவை சட்ட உதவி ஆணைக்குழுவில கேளுங்கோ, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அவை இலவசமாச் செய்வினம். கொப்பி வந்த பிறகு அதில என்ன எழுதியிருக்கு எண்டு தமிழில ஆரிட்டயாவது வாசிப்பிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ.

படி 2: பேப்பர்

ஐசி, பிறப்புச் சான்றிதழ், படிச்ச சான்றிதழ் இருந்தால் அது. இதெல்லாம் தெரிஞ்சதுதான்.

ஜீ.எஸ் (கிராம சேவகர்) நற்சான்றிதழ்தான் முக்கியம். விதானையார் எழுதித் தந்து டி.எஸ் ஒபிஸில (பிரதேச செயலகம்) மேலொப்பம் வைக்கிற அந்தப் போமிலயே நீதிமன்றத்தால தண்டிக்கப்பட்டவரா எண்டு ஒரு இடம் இருக்கு. அது 6 மாசத்துக்குத்தான் செல்லும், எண்டபடியால் வேலை தேட வெளிக்கிட முதல் எடுங்கோ, போன வருசத்துக் கொப்பியோட வராதேங்கோ. ஜீ.எஸ்ஸிட்ட "இல்லையெண்டு எழுதி விடுங்கோ" எண்டு கெஞ்ச வேண்டாம், அவருக்கும் கரைச்சல், பிறகு உங்களுக்கும் கரைச்சல். அதை விட இப்பிடிக் கேளுங்கோ: "ஐயா, கேஸ் இருந்தது உண்மை, எழுதுங்கோ. அதுக்குப் பிறகு நான் ஊரில எப்பிடி இருக்கிறன், என்ன வேலை செய்யிறன் எண்டும் சேர்த்து எழுதிவிடுவீங்களோ?" குணம், குறிப்பு எண்டு எழுத அதில இடம் இருக்கு. கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் வேலை, மைதானம் துப்பரவாக்கிறது எண்டு எதிலயாவது நீங்கள் நிண்டிருந்தால் அதை ஞாபகப்படுத்துங்கோ.

பொலிஸ் ரிப்போட் எல்லா இடமும் கேக்கிறதில்லை. கேட்டால் எடுங்கோ. முதலே எடுத்துக்கொண்டு திரியத் தேவையில்லை.

இன்னொரு பேப்பர், ஒருத்தரும் யோசிக்காதது: தொழில் தெரிஞ்சதுக்கான பேப்பர். 10 வருசம் மேசன் வேலை செய்தவர், வெல்டிங் செய்தவர், கையில ஒரு துண்டும் இல்லை. நைட்டா எண்டு சொல்லுற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை மாதிரி இடங்கள்ல, ஏற்கனவே தொழில் தெரிஞ்ச ஆக்களைச் சோதிச்சுப் பார்த்து என்.வி.கியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் குடுக்கிற முறை இருக்கு, திரும்ப இருந்து படிக்கத் தேவையில்லை. சின்ன வயசுக்காரர் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல்நகரில இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கு. கவுண்டரில நான் கண்டது, என்.வி.கியூ இருக்கிற ஆளின்ர கேஸைப் பற்றி மனேச்சர் ரெண்டாம் கேள்வி கேக்கிறது குறைவு.

அதோட கடைசியா வேலை செய்த கொன்ராக்டரிட்ட ஒரு கடிதம், அவரின்ர போன் நம்பரோட. லெட்டர்ஹெட் இல்லாட்டிக் கொப்பித் தாளில எழுதினாலும் பரவாயில்லை. நாங்கள் அந்த நம்பருக்கு எடுத்துக் கேப்பம், உண்மையா எடுப்பம்.

படி 3: எந்த மேன்பவர்?

உங்கட ஊரில அந்த மேன்பவரால போய் 3 மாசமாவது வேலை செய்து சம்பளம் எடுத்த ஆளைத் தேடிக் கதையுங்கோ. பேஸ்புக்கில "உடனடி வேலை, தங்குமிடம் சாப்பாடு இலவசம்" எண்டு வெறும் போன் நம்பரோட வாறதை நம்பி விசுவமடுவில இருந்து கொழும்புக்கு பஸ் ஏறாதேங்கோ. ஒபிஸ் இருக்கோ, பேர்ப்பலகை இருக்கோ, கொம்பனியின்ர பேரை முதலே சொல்லுறாங்களோ பாருங்கோ. வேலை தர முதலே காசு கேட்டால் எழும்பி வாங்கோ. ஐசி ஒரிஜினலை "வச்சிருக்கிறம்" எண்டு கேட்டாலும் குடுக்க வேண்டாம், கொப்பி காணும். கேஸ் இருக்கிற ஆக்களிட்டத்தான் இதைக் கூடுதலாக் கேப்பாங்கள், "உன்னை வேற ஆர் எடுப்பான்" எண்டு வெருட்டினால் குடுத்திடுவீங்கள் எண்டு தெரியும் அவங்களுக்கு. அதைக் கண்டு கண்டுதான் நான் அந்த வேலையை விட்டனான்.

வெளிநாடு எண்டால் அது வேற கதை, விசாவுக்கே பொலிஸ் சான்றிதழ் கேக்கிற நாடுகள் இருக்கு, "அதை நாங்கள் பாக்கிறம்" எண்டு சொல்லுற ஏஜென்சியை நம்பாதேங்கோ. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர லைசன்ஸ் இருக்கோ எண்டு 1989க்கு எடுத்துக் கேளுங்கோ.

காசில்லாத வழி ஒண்டும் இருக்கு. உங்கட டி.எஸ் ஒபிஸில மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், பேர் பதிஞ்சு விடுங்கோ, தொழிற்சந்தை நடக்கேக்க சொல்லுவினம்.

செக்கியூரிட்டி வேலை, காசு ஏத்தி இறக்கிற வேலை, பள்ளிக்கூடம், எயார்போட், இதுகளுக்கு இறுக்கமாப் பாப்பினம், அதில நேரம் செலவழிக்காதேங்கோ. பொதி கட்டுறது, களஞ்சியம், கட்டடம், கிளீனிங், ஹோட்டல் கிச்சின், தையல் லைன், இதுகளைக் கேளுங்கோ.

படி 4: போமும் வாயும்

போமில என்ன கேட்டிருக்கோ அதுக்கு மட்டும் பதில். "தண்டிக்கப்பட்டீரா" எண்டது ஒரு கேள்வி, "வழக்கு நிலுவையில உள்ளதா" எண்டது வேற, "கைது செய்யப்பட்டீரா" எண்டது இன்னொண்டு. போம் சிங்களத்தில மட்டும் இருந்தால் "தமிழில வாசிச்சுச் சொல்லுங்கோ" எண்டு கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ, விளங்காததுக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ.

ஓம் எண்டு எழுத வேண்டி வந்தால், அவை அந்த வரியை வாசிக்க முதல் நீங்களே சொல்லிப்போடுங்கோ. நீட்டி முழக்க வேண்டாம். ஆர் காட்டிக்குடுத்தது, பொலிஸ் எப்பிடி அடிச்சது, கூட்டாளி எப்பிடி மாறினவன், இதெல்லாம் உண்மையா இருக்கும், ஆனால் பின்னால 20 பேர் லைனில நிக்கினம். இப்பிடிச் சொல்லிப் பாருங்கோ:

"அக்கா, ஒரு விசயம் முதலே சொல்லோணும். 2021இல எனக்கு மணல் கேஸ் ஒண்டு, தண்டம் கட்டி முடிஞ்சுது, கோட்ஸ் கொப்பி இந்தா இருக்கு. அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் ஒரே கொன்ராக்டரோட வேலை செய்தனான், அவற்ற நம்பர் இது, விடிய எத்தினை மணி எண்டாலும் வருவன்."

வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டோ, அம்மாவுக்கு முன்னால இருந்தோ பத்துத்தரம் சொல்லிப் பாருங்கோ. முதல் தரம் தொண்டை அடைக்கும். பொம்பிளைப் பிள்ளையள் கேஸைச் சொல்ல இன்னும் கூச்சப்படுவினம், மூண்டு பிள்ளையளைத் தனிய வளர்க்கக் கசிப்பு வித்துப் பிடிபட்ட ஒரு அக்கா என்ர மேசைக்கு முன்னால வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னவ, அவ போன ஹோட்டல் கிச்சினில பிறகு அவவைக் கேட்டே ஆள் அனுப்பச் சொன்னவை.

மறைச்சால் என்ன நடக்கும்? சில நேரம் ஒண்டும் நடக்காது. ஆனால் 4 மாசம் கழிச்சு கொம்பனி பொலிஸ் ரிப்போட் கேக்கும், அப்ப வேலையால நிப்பாட்டிறது பழைய கேஸுக்காக இல்லை, போமில பொய் எழுதினதுக்காக.

படி 5: தவணையும் கையெழுத்தும்

கேஸ் இன்னும் நடக்குதெண்டால் தவணைத் திகதியை ஒரு வாரத்துக்கு முதலே சொல்லி லீவு எடுங்கோ, அண்டைக்கு விடிய மெசேஜ் போடுறது வேலைக்கு உதவாது. வேலைக்காகத் தவணையை விட்டால் பிடியாணை, அதோட எல்லாம் போச்சு. பிணை நிபந்தனையில ஒவ்வொரு ஞாயிறும் கிளிநொச்சிப் பொலிஸில கையெழுத்து வைக்கோணும் எண்டு இருந்தால், கட்டுநாயக்கவுக்கு ஓமெண்டு சொல்ல முதல் லோயர் மூலமா கோட்ஸில நகர்த்தல் பத்திரம் போட்டு, வேலை செய்யிற இடத்துப் பொலிஸுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். நீதவான் மாத்தித் தந்த பிறகுதான் போகோணும்.

படி 6: "இல்லை" எண்டு சொன்னால்

"இந்த சைட் சரிவராட்டி, கேஸைப் பாக்காத சைட் எது இருக்கு?" எண்டு அதே இடத்தில கேளுங்கோ. ஒரு மேன்பவருக்குப் பல கொம்பனியள் இருக்கும். பிறகு ஒவ்வொரு திங்களும் காலமை ஒரு கோல். எப்ப எடுக்கிறது எண்டும் சொல்லுறன்: காலபோக வெட்டுக் காலத்தில எங்கட பெடியள் வயலுக்கு வந்திடுவினம், சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வந்தவை திரும்பிப் போகாயினம், அந்த ரெண்டு நேரமும் மேன்பவர்காரர் ஆள் இல்லாமல் தவிக்கிற நேரம். வேண்டாம் எண்டு சொன்ன ஆளையே நாங்கள் திருப்பிக் கூப்பிட்ட நேரங்கள் அதுகள்.

படி 7: முதல் சம்பளம்

தேசியக் குறைந்தபட்ச சம்பளம் 2026 ஜனவரியில இருந்து மாசம் 30,000 ரூபாய். கேஸ் இருக்கிறதால உங்களுக்கு அதை விடக் குறைச்சுத் தர ஒரு சட்டமும் இல்லை. அடிப்படைச் சம்பளம் 30,000 எண்டால் ஈ.பி.எஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிட்ட 8 வீதம், 2,400 வெட்டுவினம், வேலை தாறவர் தன்ர பக்கத்தால 12 வீதம், 3,600 போடோணும், ஈ.டி.எஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், 900 அவரே கட்டோணும், அதை உங்கட சம்பளத்தில வெட்ட ஏலாது. மேன்பவரில நடக்கிற கூத்து என்னெண்டால் 2,400 வெட்டுப்படும், கட்டுப்படாது, கேட்டால் கொம்பனி மேன்பவரைக் காட்டும், மேன்பவர் கொம்பனியைக் காட்டும். சேரேக்கயே "என்ர ஈ.பி.எஃப் ஆற்ற பேரில கட்டுப்படும், அங்கத்தவர் நம்பர் என்ன" எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. சம்பளச் சிட்டையை ஒவ்வொரு மாசமும் போனில படம் எடுத்து வீட்டுக்கு ஆருக்காவது வட்ஸப்பில அனுப்பி விடுங்கோ, போன் துலைஞ்சாலும் அது இருக்கும். ரெண்டு மாசமாகியும் நம்பர் தராட்டி அந்தப் படங்களைக் கொண்டு கிட்ட இருக்கிற தொழில் திணைக்கள ஒபிஸுக்குப் போங்கோ, அங்க உங்கட கேஸைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம், சிட்டையைத்தான் கேப்பினம்.