மண்ணெண்ணெய் இல்லாமல் கரி பிடிக்க வைக்க

வீட்டு மொட்டை மாடியில் கோழி சுடுவதென்றால் கரி பற்றவைக்கிற வேலை என் தலையில்தான் விழும். மச்சான்களுக்கு எப்போதும் அவசரம், மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். நான் விடுவதில்லை. அந்த வாடை கறியில் ஏறினால் எவ்வளவு எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் போகாது. பெட்ரோல் என்றால் பேச்சே வேண்டாம், குப்பென்று பிடித்து முகத்தைப் பதம் பார்த்துவிடும்.

நான் வாங்குவது வேலிக்காத்தான் கரி. இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் ஒன்று ஈரம், இல்லை அரைவேக்காடு. புகை கண்ணைக் கரிக்கும். ஈரமென்றால் வெயிலில் பரப்புங்கள். வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்?

இப்போது கரியைப் பற்றவைக்கிற டின். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னின் அடியையும் மேல் மூடியையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கீழிருந்து நான்கு விரல் உயரத்தில் எதிரெதிரே துளை போட்டு, பழைய சைக்கிள் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் கரி நிற்கத் தட்டு ஆயிற்று. அதற்குக் கீழே சுற்றிலும் பெரிய ஆணியால் ஓட்டைகள். துத்தநாகம் பூசிய வாளியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், சூட்டில் வரும் புகை கெடுதல். புது டின்னை முதலில் ஒருமுறை வெறும் கரி போட்டு எரித்துவிட்டால் பெயின்ட் போய்விடும்.

டின்னை இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, கரியை மேலே நிரப்புங்கள். கீழே கசக்கிய செய்தித்தாள், அதோடு உடைத்த கொட்டாங்குச்சி இரண்டு மூன்று. காகிதம் நமத்திருந்தால் ஒரு கட்டி சூடம். குடியாத்தம் தீப்பெட்டியில் ஒரு குச்சி கிழித்துக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏற, கீழ் ஓட்டை வழியாகப் புதுக் காற்று தானாக உள்ளே போகும். விசிற ஆசையாக இருந்தால் கீழ்வாயில் விசிறுங்கள். மேலே விசிறினால் சாம்பல்தான் பறக்கும்.

கால்மணி, இருபது நிமிடம் ஆகும். மேல்கரியின் ஓரம் வெளுத்ததும் குறடால் பிடித்து அடுப்பில் கொட்டலாம். அப்புறமும் உடனே கறியை வைக்காதீர்கள். சுவாலை அடங்கி, தணல் மேல் மெல்லிய சாம்பல் படரட்டும்.

ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போட மூடி மேல் வைக்கிற தணலும் இப்படித்தான் வேண்டும். சுவாலை விடுகிற துண்டு ஒன்றுகூட ஆகாது. நடுவில் குவிக்காமல் விளிம்பு வரை பரப்ப வேண்டும்.

மழை வந்தாலும் கரியடுப்பை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

முடிந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள இரும்புச் சட்டியில் தணலைப் போட்டு இறுக மூடுங்கள், காற்றில்லாமல் தானே அணையும். முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அந்த மிச்சக் கரி புதுக் கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும், அடுத்த தடவை டின்னில் அதை அடியில் போடுங்கள்.